கதைக்குள்ள வச்ச செடி வாடுதா? சாம்பிராணிக்கும் சாயத்துக்கும் ஒரே செடி கண்டுபிடிச்சவங்களுக்கான ரிப்பேர் குறிப்பு

ஃபேண்டஸி கதை எழுதுறவங்க, வீட்ல நாலு பேரைக் கூட்டி டைஸ் உருட்டி ரோல்ப்ளே கேம் நடத்துறவங்க, எல்லார்கிட்டயும் எப்படியும் ஒரு அபூர்வச் செடி இருக்கும். எரிச்சா ஊரே மணக்கும், அரைச்சா ராஜா அங்கவஸ்திரத்துக்குச் சிவப்பு, ஒரு பிடிக்கு ஒரு குதிரை விலை. எழுதும்போது சூப்பரா இருக்கும், பத்து பக்கம் தாண்டினதும் யாராவது ஒரு கேள்வி கேப்பாங்க, செடி பொத்துனு விழுந்துரும்.

என் செடி பேரு புகைக்கண்ணி. எங்க கேம் குரூப்புக்காக உருவாக்கினது, மூணு தடவை செத்துப்போய் மூணு தடவை திரும்ப நட்டேன். அப்போ கத்துக்கிட்டதை என்ன கோளாறுக்கு என்ன வைத்தியம்னு கீழ போட்டிருக்கேன். உங்க செடிக்கு எந்தக் கோளாறோ அங்க நேரா போயிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தைப் படிச்சிட்டுப் போங்க, ஏன்னா முக்கால்வாசிக் கோளாறு இங்கதான் ஆரம்பிக்குது.

வாசனைக்கு வேலை ஓடிப்போறது. நிறத்துக்கு வேலை ஒட்டிக்கிறது. ஒரு பிசினைத் தணல்ல போட்டா மணக்குதுன்னா அதுல இருக்கிற லேசான பொருளெல்லாம் சூட்டுல ஆவியாகி மூக்குக்கு வருதுன்னு அர்த்தம். ஒரு நிறம் சுவத்துல நூறு வருஷம் நிக்குதுன்னா அது ஆவியாகாம, தண்ணில கரையாம, வெயில்ல வெளுக்காம இருக்குன்னு அர்த்தம். ரெண்டும் நேர் எதிர் குணம். ஒரே செடிக்கிட்ட ரெண்டையும் கேக்குறீங்க, கேளுங்க, தப்பில்ல, ஆனா செடிக்கு உள்ள அந்த இழுபறி இருக்கணும், அது இல்லாம "ரெண்டுக்கும் ஆகும்"னு ஒரு வரில முடிச்சா அங்கதான் ஓட்டை.

கோளாறு: "ஒரே செடி ரெண்டு வேலை செய்யுதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க"

முதல்ல செக் பண்ண வேண்டியது, வாசனை செடியோட எந்தப் பாகத்துல, நிறம் எந்தப் பாகத்துல. "செடியிலேர்ந்து எடுத்தாங்க"ன்னு மட்டும் எழுதியிருந்தா அதான் வியாதி.

நிஜத்துல ரெண்டு வேலையும் செய்யுற மரம் இல்லாம இல்ல. ஏமனுக்குச் சொந்தமான சொக்கோத்ரா தீவுல டிராகன் ரத்த மரம்னு ஒண்ணு இருக்கு, கவுத்துப்போட்ட குடை மாதிரி இல்ல, காத்துல மேல்பக்கமா மடங்கின குடை மாதிரி இருக்கும், கீறினா சிவப்பா பிசின் வடியும். தணல்ல போட்டா தூபம், சாராயத்துல கரைச்சா சிவப்பு வார்னிஷ். அரபில அதுக்குப் பேரு "ரெண்டு சகோதரர்களோட ரத்தம்". ஆனா அங்கயும் இந்த இழுபறி இருக்கு பாருங்க, வார்னிஷா நல்லா இருந்த அந்தச் சிவப்பு ஓவியத்துல ரொம்ப நாள் தாங்காது. 1400 வாக்குல இத்தாலில ஒரு ஓவியர் தன் சிஷ்யப் பசங்களுக்கு எழுதி வச்ச குறிப்புல இந்தச் சிவப்பை விட்டுத்தள்ளு, உனக்கு நல்ல பேரு வாங்கித் தராதுங்கற மாதிரி சொல்லியிருக்காரு. நம்ம ஊர் வெள்ளைக் குங்கிலியமும் இப்படித்தான், தூபத்துக்கும் ஆகும், வார்னிஷுக்கும் ஆகும், எண்ணெயில காய்ச்சி படகு இடுக்குல அடைக்கவும் ஆகும், ஆனா அதுல நிறம்னு ஒண்ணும் பெருசா கிடையாது. செஞ்சந்தனம் நேர்மாறு, கட்டை பூரா சிவப்பு, வெள்ளைச் சந்தனம் மாதிரி மணக்கும்னு மோந்து பாத்தா ஏமாந்துருவீங்க.

வைத்தியம்: பிரிச்சு வைங்க. என் புகைக்கண்ணில தண்டைக் கீறினா வர்ற பிசின் தூபத்துக்கு, வேர்ப்பட்டை நிறத்துக்கு. இப்படிப் பிரிச்ச உடனே கதை தானா வந்துருச்சு, ஏன்னா பிசின் எடுக்கறவனுக்குச் செடி உயிரோட வேணும், வேர் எடுக்கறவன் செடியையே புடுங்கணும். சோழமண்டலக் கரையில துணிக்குச் சிவப்பு ஏத்த சாயவேர்ங்கற செடியோட வேரை எடுத்ததும் அப்படித்தான், வேரோட பிடுங்கினா அந்தச் செடி முடிஞ்சுது. இப்போ என் உலகத்துல ஒரே மலையில கீறுறவங்க ஒரு ஊரு, பிடுங்குறவங்க ஒரு ஊரு, ரெண்டு ஊருக்கும் பொண்ணு குடுக்கல் வாங்கல் கிடையாது. இதை நான் யோசிச்சு வைக்கவே இல்ல, செடி போட்டு குடுத்தது.

கோளாறு: "என் செடியோட புகை சிவப்பு. ஒருத்தன் அது சயின்ஸ்ல வராதுங்கறான்"

பாதி சரி சொல்றான். பெரும்பாலான செடி நிறங்கள் நெருப்புல கருகிப்போயிரும், மிச்சம் சாம்பல்தான். டிராகன் ரத்தத்தை எரிச்சாலும் சிவப்புப் புகை வராது, சாதா சாம்பிராணிப் புகை நிறம்தான்.

மீதிப் பாதிய அவன் யோசிக்கல. கருகுறதுக்கு முன்னாடியே ஆவியாகிற நிறம்னா புகைல நிறம் வரும். அவுரிலேர்ந்து எடுக்கிற நீலத்தைக் கவனமா சூடு பண்ணினா ஊதா நிற ஆவி வரும். ராணுவத்துல சிக்னலுக்கு விடற சிவப்பு மஞ்சள் புகையெல்லாம் அந்த வேலைதான், சாயத்தை எரியவிடாம ஆவியாக்கி விடுறாங்க, அது காத்துல குளிர்ந்து பொடிப்பொடியா மிதக்குது. அதனால உங்க பூசாரி செடியை நெருப்புல போடக்கூடாது, சாம்பல் மூடின தணல்ல போடணும், சூடு கொஞ்சம் ஏறினா கருப்புப் புகை, இறங்கினா ஒண்ணுமே இல்ல. அந்தத் தணலைக் கையால உணர்ந்து சரியா வைக்கத் தெரிஞ்சவன்தான் பெரிய பூசாரி.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, மிதந்த நிறம் எங்கயாவது போய் ஒட்டித்தானே ஆகணும். சிவப்புப் புகை போடுற கோயில்ல விதானம் சிவப்பு, தூண் சிவப்பு, பூசாரி நகக்கண், மூக்குமுடி, எச்சில் எல்லாம் சிவப்பு. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போனேன்னு எழுதினா பொய்னு தெரிஞ்சுரும். இதை எழுதலைன்னா சிவப்புப் புகையைத் தூக்கிருங்க, சாதா வெள்ளைப் புகையே போதும்.

கோளாறு: "இவ்ளோ விலைன்னா ஏன் எல்லாரும் வீட்டுக்கு ரெண்டு வளர்க்கல?"

எனக்கு விழுந்த முதல் அடி இதான். மூணாவது வாரம் ஒருத்தன் "நான் பத்து விதை எடுத்து இடுப்புல முடிஞ்சுக்கறேன்"னான், நானும் டைஸ் நல்லா விழுந்துச்சேன்னு சரின்னுட்டேன். ஆறாவது வாரம் கதைக்குள்ள ரெண்டு வருஷம் ஓடினதா வச்சோம், அவன் ஆத்தோரமா தோட்டம் போட்டுட்டான், அடுத்த வாரம் ராஜாவைவிட அவன்கிட்ட காசு ஜாஸ்தி, டிராகனை அடிக்க ஒருத்தனும் கிளம்ப மாட்டேங்கறான், எல்லாரும் உக்காந்து எரு வைக்கறதைப் பத்திப் பேசிட்டு இருக்கானுங்க. நான் திடீர்னு செடிக்கு நோய் வந்துருச்சுன்னு சொல்லிக் கொன்னேன், அது அழுகுணி ஆட்டம்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறான். சரிதான், அழுகுணி ஆட்டம்தான்.

செடிக்குப் பூட்டு வேணும். நிஜச் செடிங்க ஒவ்வொண்ணும் வேற வேற பூட்டு போட்டிருக்கு, பாத்து எடுத்துக்கலாம்.

குங்குமப்பூவுக்கு விதையே கிடையாது, மலட்டுச் செடி, கிழங்கைப் பிரிச்சு நட்டாதான் வரும். அதனால விதை திருட முடியாது, கிழங்கைத்தான் திருடணும், கிழங்கை முடிச்சு இடுப்புல தெரியும். அது மட்டுமில்ல, காஷ்மீர் பாம்பூர்ல அக்டோபர் நவம்பர்ல ரெண்டு மூணு வாரம்தான் பூக்கும், விடிகாலைல பறிக்கணும், ஒரு கிராமுக்கு 150 பூ கிட்ட வேணும். வளர்க்கறது பிரச்சனையே இல்ல, உக்காந்து கிள்ளி எடுக்க ஆள் வேணும்ல.

சந்தனம் அரை ஒட்டுண்ணி. பச்சையா இலை விட்டு நல்ல பிள்ளை மாதிரி நிக்கும், மண்ணுக்குக் கீழ பக்கத்து மரத்து வேரைக் கடிச்சு உறிஞ்சிட்டு இருக்கும், அதனாலதான் சந்தனக் கன்னு வைக்கறவங்க பக்கத்துலயே துவரை வச்சு விடுவாங்க. தனியா தொட்டில வச்சா சோகையாகி நின்னுரும். அப்புறம் பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சுதான் உள்ள வைரம், அதாவது மணக்கிற நடுக்கட்டை, ஏற ஆரம்பிக்கும், வெளிக்கட்டைல வாசனையே கிடையாது. கண்ட சின்ன மரத்தை வெட்டிட்டு வந்தவனுக்குக் கிடைக்கிறது விறகு.

அகில் இன்னும் மோசம், மோசம்னா கதைக்கு நல்லது. ஆரோக்கியமான அகில் மரத்துல ஒண்ணும் கிடையாது, வெளிர்க்கட்டை. காயம்பட்டு பூஞ்சை புகுந்து மரம் அதை எதிர்த்துப் பிசினைச் சுரந்து கட்டை கருத்தாதான் அகில். எல்லா மரத்துலயும் வராது, வெளிய நின்னு பாத்து எதுல இருக்குன்னு சொல்றது லேசும் இல்ல. சொக்கோத்ரால பூட்டு ஆடு. முளைக்கிற டிராகன் ரத்தக் கன்னையெல்லாம் ஆடு மேஞ்சுருது, அதனால பெரிய மரம் நிக்குது, சின்ன மரம் எட்டாத பாறை இடுக்குலதான் பிழைக்குது.

ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு பூட்டு போடுங்க, நாலையும் போட்டா அது செடி இல்ல பேங்க் லாக்கர். புகைக்கண்ணிக்கு நான் சந்தனத்துக்கிட்ட கடன் வாங்கினேன். அது ஒரு முள்மரத்து வேர்லதான் ஒட்டும், அந்த முள்மரம் இடுகாட்டு ஓரத்துல மட்டும் வளரும், வீட்டுல வச்சா ஆகாதுன்னு ஜனங்க நம்பிக்கை. மந்திரமும் இல்ல, காவலும் இல்ல. திரும்பவும் ஒருத்தன் கன்னு திருடிட்டுப் போனான், ஆனா அதை வைக்க இடுகாடு தேடி அலைஞ்சதே மூணு வார ஆட்டம் ஆச்சு.

கோளாறு: "துணியை முக்கினான், சிவப்பாச்சு"னு எழுதினேன், சாயத் தொழில் தெரிஞ்ச ஒருத்தங்க சிரிச்சாங்க

சிரிக்கத்தான் செய்வாங்க. இங்க நிதானமா நிக்கணும், ஏன்னா செடியோட சுவாரசியத்துல பாதி இங்கதான் கிடக்கு, எழுதறவங்க எல்லாரும் ஒரு வரில தாண்டிப் போறாங்க.

முதல்ல உங்களுது சாயமா, வண்ணப்பொடியா? சாயம்னா தண்ணில கரைஞ்சு நூலுக்குள்ள போகணும். வண்ணப்பொடின்னா கரையவே கூடாது, எண்ணெயிலயோ பசையிலயோ குழைச்சு மேல பூசறது. செடிலேர்ந்து வர்றது பெரும்பாலும் சாயம்தான். அதைப் பொடியாக்கணும்னா சாயத் தண்ணில படிகாரம் போட்டு அப்புறம் சாம்பல் தண்ணியோ உவர்மண் தண்ணியோ மாதிரி காரமா ஏதாவது ஊத்தணும், பால் திரியற மாதிரி நிறம் திரிஞ்சு அடில படியும், வடிகட்டிக் காயவச்சா பொடி. ஓவியர்கள் காலங்காலமா இப்படித்தான் சிவப்பு பண்ணியிருக்காங்க. உங்க கதைல ஓவியனுக்கும் நெசவாளிக்கும் ஒரே செடிதான், ஆனா நடுவுல ஒரு பானை வேலை இருக்கு, அந்தப் பானைக்காரன் யாருன்னு யோசிங்க.

ரெண்டாவது, சாயம் சும்மா ஒட்டாது. சாயவேரை மட்டும் கொதிக்க வச்சு வெள்ளைத் துணியை முக்கினா அழுக்கு மாதிரி ஒரு நிறம் வரும், அலசினா பாதி போயிரும். முதல்ல துணில கடுக்காயும் எருமைப்பாலும் ஏத்தணும், கடுக்காயோட துவர்ப்பு பிடிமானத்துக்கு, பாலோட கொழுப்பு கோடு கசியாம இருக்கறதுக்கு. அப்புறம் படிகாரத்தால வரைஞ்ச இடத்துல மட்டும் வேர்ச் சாயம் சிவப்பா பிடிக்கும். இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்த தண்ணில வரைஞ்ச இடம் கருப்பாயிரும். கலம்காரி துணி பாத்திருப்பீங்க, அதுல கருப்புக் கோடும் சிவப்புப் பூவும் வர்ற சூட்சுமம் இதான். படிகாரத்தால வரையும்போது கோடு கண்ணுக்குச் சரியாத் தெரியாது, சாயப் பானைல போட்டு எடுத்தாதான் வரைஞ்சது வெளிய வரும். படிகாரத்தால கடிதம் எழுதி அனுப்பினா சாயப் பானை வச்சிருக்கறவன் மட்டும்தான் படிக்க முடியும், இந்த ஐடியாவை இலவசமா எடுத்துக்கோங்க, நான் ஏற்கனவே யூஸ் பண்ணிட்டேன்.

அவுரி வேற ரகம். இலை பச்சை, ஊறப்போட்டு புளிக்க வச்ச தண்ணி மஞ்சப்பச்சை, அதைக் கட்டையால அடி அடின்னு அடிச்சுக் காத்து ஏத்தினாதான் நீலம் கட்டி அடில படியும். திரும்ப அதைத் துணில ஏத்த மறுபடி புளிக்க வைக்கணும், பானைலேர்ந்து வெளிய எடுக்கும்போது துணி பச்சையா இருக்கும், கண்ணு முன்னாடியே காத்து பட்டு நீலமா மாறும். மாயமே தேவையில்ல, இதைப் பாக்காத ஊர்க்காரன் முன்னாடி செஞ்சா அவன் கையெடுத்துக் கும்பிடுவான்.

சுண்ணாம்பை மறந்துடாதீங்க. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவக்கும், குங்குமம் பண்றதும் ஆரத்தித் தண்ணி சிவக்கறதும் அதனாலதான், வீட்ல தினம் பாக்கற விஷயம். உங்க செடிச் சிவப்பு புளிப்புல என்ன ஆகும், சுண்ணாம்புல என்ன ஆகும்னு முடிவு பண்ணி வச்சுக்கோங்க. புகைக்கண்ணிச் சிவப்பு புளித்தண்ணி பட்டா மஞ்சளாயிரும்னு வச்சேன், ஒரு கொலைகாரன் மாட்டினதே ரசம் சிந்தின சட்டைலதான். கூடவே வெயில். மஞ்சள் சாயம் வெயில்ல வெளுத்துரும், வேர்ச் சிவப்பு நின்னு பிடிக்கும். உங்க ராஜா கொடி எதுல சாயம் போட்டது? பத்து வருஷம் கோட்டை மேல பறந்த கொடி இன்னும் ரத்தச் சிவப்புன்னா ஏதோ விசேஷச் சிவப்புன்னு அர்த்தம், அதை யாராவது கவனிச்சுக் கேக்கணும்.

செஞ்சந்தனத்துல இன்னொரு பாடம். அதோட சிவப்பு தண்ணில லேசுல இறங்காது, சாராயத்துல இறங்கும். அதனால சாராயம் வடிக்கத் தெரியாத நாட்டுல அந்தக் கட்டை வெறும் கட்டை, தெரிஞ்ச நாட்டுக்காரனுக்கு அது காசு. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு வியாபாரி போதும்.

கோளாறு: "விலை ஒட்டவே மாட்டேங்குது"

ஒரு சிட்டிகைக்கு ஒரு ராஜ்யம்னு எழுதிட்டு அடுத்த பக்கத்துல கிராமத்துக் கோயில்ல தினம் மூணு வேளை அதே தூபம் போட்டா யாரு நம்புவா. வாங்கறது யாரு, எதுக்கு, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கணக்குப் போடுங்க.

ஆரம்பத்துல சொன்ன விஷயம் இங்கயும் வரும். தூபம் எரிஞ்சு போற பொருள், இன்னிக்கு வாங்கினது இன்னிக்கே காலி, நாளைக்கும் வேணும். வண்ணம் ஒரு தடவை பூசினா தலைமுறை தாண்டும். அதனால தூபத்துக்கு கிராக்கி சீரா இருக்கும், நிறத்துக்கு கிராக்கி திடீர்னு பொங்கும், அரண்மனை கட்டறாங்க, பட்டாபிஷேகம் வருது, படைக்கு யூனிஃபார்ம் தைக்கிறாங்க, அப்போ மட்டும். அந்த வருஷம் வேர் பிடுங்கறவங்க மலையேறுவாங்க, அடுத்த அஞ்சு வருஷத்துக்குப் பிசின் இருக்காது. தூபம் இல்லாம கோயில் கதவு சாத்திக் கிடக்கிற ஊர்ல புது ராஜா சிவப்பு அங்கி போட்டுட்டு ஊர்வலம் வர்றாரு. இந்த சீன் விலைப்பட்டியல் எதுவும் சொல்லாமயே விலையைச் சொல்லிரும்.

ஒரு பொருள் எவ்வளவு பெருசுன்னு காட்ட அதுக்காக எதை விட்டுக்குடுத்தாங்கன்னு காட்டணும். குங்கிலியக் கலய நாயனார் கதை தெரியும்ல, வீட்ல குந்துமணி நெல்லு இல்ல, பொண்டாட்டி தாலியைக் கழட்டிக் குடுத்து நெல் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புறாங்க, மனுஷன் வழில குங்கிலியப் பொதி வந்ததைப் பாத்துட்டு தாலியைக் குடுத்து அதை வாங்கிட்டுக் கோயிலுக்குப் போயிடறாரு. குங்கிலியம் என்ன விலைன்னு அந்தக் கதைல யாருக்கும் தேவைப்படல.

விலை ஒசந்த இடத்துல திருட்டும் கலப்படமும் இல்லாம இருக்காது, உங்க கதைல இல்லைன்னா சேருங்க. அலெக்சாண்ட்ரியால சாம்பிராணி பதம் பண்ற பட்டறைல ஆளுங்க முகத்துல வலை போட்டு மூடி, வெளிய போகும்போது துணியெல்லாம் கழட்டிக் காட்டிட்டுத்தான் போகணும்னு ரோமானியர் பிளினி எழுதியிருக்காரு. ஜெர்மனி நியூரம்பர்க்ல 15ஆம் நூற்றாண்டுல குங்குமப்பூவுல கலப்படம் பண்ணினவனை அந்தக் குங்குமப்பூவோட சேர்த்தே எரிச்சாங்க. நம்ம ஊர்ல மிளகாப்பொடில செங்கல்பொடி கதை கேட்டவங்கதானே நாம, புகைக்கண்ணிப் பொடிலயும் அதேதான், அதைக் கண்டுபிடிக்க சந்தைல ஒரு கிழவி உக்காந்திருக்கா, தண்ணில ஒரு சிட்டிகை போட்டு அடில உக்காருதா மிதக்குதான்னு பாப்பா, அப்புறம் நாக்குல வைப்பா. அவ நாக்கு நிரந்தரமா சிவப்பு. அவளுக்கு லஞ்சம் குடுக்கப் போன கதை தனியா பெருசு.

பொய்க்கதையும் வேணும். சாம்பிராணி மரத்தைப் பறக்கிற பாம்புங்க காவல் காக்குதுன்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் 2,400 வருஷம் முன்னாடி எழுதி வச்சாரு. அப்படி ஒரு பயத்தால யாருக்கு லாபம்னு யோசிச்சா வியாபாரிங்க முகம்தான் எனக்குத் தெரியுது. அதனால என் உலகத்துல வெளியூர்க்காரங்க எல்லாரும் புகைக்கண்ணி பேய் காவல் இருக்கிற செடின்னு நம்பறாங்க, மலைக்காரங்க மறுத்துப் பேச மாட்டாங்க.

கோளாறு: "முந்நூறு வருஷமா அதே செடி, அதே விலை, அதே வியாபாரி"

ஒரு நல்ல சிவப்பு எப்படிச் சாகும்னு நிஜத்துல பாருங்க. ஐரோப்பால வேருக்காக வளர்த்த மஞ்சிட்டி வகைச் சாயச்செடி ஒண்ணுல, நம்ம சாயவேர்லயும்தான், இருக்கிற முக்கியமான சிவப்புப் பொருள் அலிசரின். 1868ல ரெண்டு ஜெர்மன் வேதியியல்காரங்க, கிரேபேயும் லீபர்மானும், அதைக் கரித்தாரிலேர்ந்து கிடைக்கிற பொருளை வச்சுப் பண்ணிட்டாங்க. பிரான்ஸ் தெற்குல வோக்லூஸ் பக்கம் அந்தச் செடியை நம்பி நடந்த விவசாயமே கொஞ்ச வருஷத்துல படுத்துருச்சு. 1897ல செயற்கை நீலம் மார்க்கெட்டுக்கு வந்தது, அவுரிக்கும் அதே கதி. அதுக்கு முன்னாடி அவுரி சுகமா இருந்துச்சான்னா இல்ல, 1859ல வங்காளத்துல விவசாயிங்க நட மாட்டோம்னு எழுந்தாங்க, பீகார் சம்பாரண்ல 20 பங்கு நிலத்துல 3 பங்கு தோட்ட துரைக்கு அவுரி போட்டே ஆகணும்னு கட்டாயம், 1917ல காந்தி அங்க போனது அதுக்குத்தான். அழகான நீலத்துக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கு, உங்க சிவப்புக்குப் பின்னாடி யாரோட நிலம்?

நோயும் ஒரு வழி, ஆனா என்னை மாதிரி திடீர்னு போடாதீங்க, முன்னாடியே விதைச்சு வைங்க. சந்தனத்துல ஸ்பைக்னு ஒரு நோய் 1899லயே குடகுல பதிவாச்சு, இலை சிறுத்து முள்ளு மாதிரி நிக்கும், மரம் போயிரும், இன்னிக்கு வரைக்கும் தீரல. முதல் அத்தியாயத்துல யாரோ ஒரு பையன் "இந்தச் செடி இலை மட்டும் ஏன் இத்தூண்டு இருக்கு"ன்னு கேட்டா போதும். மிதமிஞ்சிக் கீறுறதும் அப்படித்தான், சாம்பிராணி மரத்தை ஓயாம கீறினா மரம் பிசினுக்கே சக்தியைச் செலவு பண்ணி நல்ல விதை சரியா தரிக்காம போகுது. செடி நிக்குது, பிசின் வருது, கன்னு மட்டும் வரல. இருபது வருஷம் யாருக்கும் தெரியாது.

கோளாறு: பேரு வாயில நுழையல

க்ஸாரியேல், இலுந்த்ரா மாதிரி பேரையெல்லாம் தூக்குங்க. ஜனங்க செடிக்குப் பேரு வைக்கிறது பாத்ததை வச்சு, பட்டதை வச்சு. ஆடு தொடாதது ஆடாதோடை, தொட்டா சுருங்கினா தொட்டாற்சிணுங்கி, நுனில சொட்டு சொட்டா நிக்கிறது அழுகண்ணி. புகைக்கண்ணி வந்ததும் அங்கேர்ந்துதான். அரண்மனைல வேற பேரு, சந்தைல வேற பேரு, வேர் பிடுங்கறவன் வாயில வேற பேரு வைங்க, யாரு எந்தப் பேரைச் சொல்றாங்கறதை வச்சே ஆளு யாருன்னு தெரிஞ்சுரும். வேற வேற செடிக்கு ஒரே பேரு இருந்தா இன்னும் நல்லது, டிராகன் ரத்தம்னு சொக்கோத்ரா மரத்துப் பிசினும் விக்குது, சுமத்ராப் பக்கத்துப் பிரம்புக் காய்ப் பிசினும் விக்குது, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

கோளாறு: "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன், இப்போ செடியைப் பத்தியே ஒன்பது பக்கம் இருக்கு"

எனக்கு பதினொண்ணு இருந்துச்சு. பிரிண்ட் எடுத்து குரூப்புக்குக் குடுத்தேன், ஒருத்தனும் படிக்கல, ஒருத்தன் அது மேல முறுக்கு வச்சுத் தின்னான்.

செடிக்குத் தெரிஞ்சதையெல்லாம் ஆளுங்க உடம்புல ஏத்துங்க. கீறுறவனுக்கு விரல்ல பிசின் கறுத்து ஒட்டியிருக்கும், எண்ணெய் தேய்ச்சாதான் போகும். வேர் இடிக்கிறவளுக்கு முழங்கை வரைக்கும் சிவப்பு, கல்யாணத்துக்கு மருதாணி வச்சா தெரியவே தெரியாது. ஓவியன் தூரிகை நுனியை வாயில வச்சுக் கூராக்குவான், கம்போடியாப் பக்கம் வர்ற காம்போஜ்னு ஒரு மஞ்சள் பிசின் இருக்கு, நல்ல நிறம், ஆனா வயித்துக்குள்ள போனா பயங்கரமா பேதியாகும், அந்த மாதிரி ஒரு குணத்தை உங்க செடிக்கும் குடுத்துட்டீங்கன்னா அரசவை ஓவியன் நடு சபைல எழுந்து ஓடற சீன் கைல இருக்கு.

மிச்சத்தை அழிக்க வேண்டாம், தனி நோட்டுல வச்சுக்கோங்க. போன வாரம் என் ஆளுங்க ஒரு கப்பல்ல இடுக்கு அடைக்கப் பிசின் தேடினானுங்க, நோட்டை எடுத்து எட்டாம் பக்கத்தைப் புரட்டினேன், இருந்துச்சு. முறுக்கு எண்ணெய்க் கறையோட.